ஆதரவுக் கடிதத்தில் எழுதாத வரி

1999 ஏப்ரல் 17, சனிக்கிழமை. கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் என்னுடைய பரீட்சை அட்டை. தினசரி காலண்டரில் கிழித்த ஒரு தாளைத் திருப்பி அதன் கிளிப்பில் மாட்டியிருந்தார். அப்பா வங்கியில் கேஷியராக இருந்தவர். பின்பக்கம் வெள்ளையாக இருக்கிற எந்தத் தாளையும் வீணாக்க மாட்டார். பென்சிலால் நான்கு கட்டங்கள் போட்டு, 'ஆதரவு', 'எதிர்ப்பு', 'நடுநிலை', 'தெரியாது' என்று தலைப்புக் கொடுத்திருந்தார். எதிரே தூர்தர்ஷனில் மக்களவை ஓடிக்கொண்டிருந்தது. வாஜ்பாய் அரசு மீது நம்பிக்கை வாக்கெடுப்பு.

நடுநிலைக் கட்டத்தில் பகுஜன் சமாஜ் கட்சிக்கு 5 என்று எழுதி வட்டம் போட்டிருந்தார். அவர்கள் வாக்களிக்காமல் ஒதுங்கிவிடுவார்கள் என்பதுதான் முந்தின நாள் வரை இருந்த பேச்சு. அன்று அவையில் மாயாவதி அரசுக்கு எதிராக நின்றதும், அப்பா ரப்பரை எடுத்து அந்த 5-ஐ அழித்தார். காலண்டர் தாள் மெல்லியது. அழுத்தித் தேய்த்ததில் அந்த இடம் கிழிந்தே போய்விட்டது. பக்கத்துக் கட்டத்தில் 5 என்று எழுதிக் கூட்டிப் பார்த்தார். மறுபடி கூட்டினார். "ஏம்மா, டேலி ஆகலியே" என்றார் என்னிடம். அரசுக்குத் தேவையான கணக்கு டேலி ஆகவில்லை என்றுதான் சொல்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

முடிவு எல்லாருக்கும் தெரியும். ஆதரவு 269, எதிர்ப்பு 270. பதின்மூன்று மாத அரசு ஒரே ஓட்டில் போனது.

அந்த ஒரு ஓட்டு யாருடையது என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். கிரிதர் கமாங் பெயர்தான் முதலில் வரும். அந்த பிப்ரவரியிலேயே ஒடிசா முதலமைச்சராகப் பதவியேற்றவர், மக்களவை உறுப்பினர் பதவியை விடாமல் வந்து வாக்களித்தார். சட்டப்படி முடியும், முறைப்படி சரியா என்ற கேள்வியைச் சபாநாயகர் பாலயோகி அவருடைய மனசாட்சிக்கே விட்டுவிட்டார். காஷ்மீரின் தேசிய மாநாட்டுக் கட்சியைச் சேர்ந்த சைபுதீன் சோஸ் தன் கட்சியின் முடிவை மீறி எதிர்த்து வாக்களித்தார். கட்சி அவரை நீக்கியது. அப்பா அன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து இன்னொரு தாளில் கணக்குப் போட்டார். மாயாவதியின் ஐந்து பேரும் வாக்களிக்காமல் இருந்திருந்தால் 269-க்கு 265. அரசு பிழைத்திருக்கும். கமாங் வராமல் இருந்திருந்தால் 269-க்கு 269. சமமானால் அரசியல் சட்டத்தின் 100-வது பிரிவுப்படி சபாநாயகருக்கு ஓட்டு உண்டு. பாலயோகி அரசை ஆதரித்த தெலுங்கு தேசத்துக்காரர். சோஸ் கட்சி சொன்னபடி வாக்களித்திருந்தால் 270-க்கு 269. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு மனிதர் தடுத்திருக்கலாம் என்றுதான் கணக்கு வந்தது.

பல வருடங்கள் நானும் அந்தக் கணக்கிலேயே நின்றிருந்தேன். இப்போது எனக்கு அந்த ஓட்டை விட, மூன்று நாள் முன்பு குடியரசுத் தலைவரிடம் போன கடிதம்தான் பெரிதாகத் தெரிகிறது. ஏப்ரல் 14 அன்று ஜெயலலிதா கே.ஆர்.நாராயணனிடம் கொடுத்த வாபஸ் கடிதம். அதற்கு முந்தைய வருடம் மார்ச்சில் அவர் கொடுத்த ஆதரவுக் கடிதம். இந்த இரண்டு கடிதங்களுக்கும் நடுவில் எழுதப்படாத ஒரு வரி இருந்தது. தமிழ்நாட்டில் இருந்த தி.மு.க. அரசைக் கலைக்க வேண்டும் என்பதுதான் அது.

இதைத் தனி ஒருவரின் பிடிவாதமாக மட்டும் பார்த்தால் பாதி விஷயம் தவறிவிடும். 1989-லிருந்து 1999 வரை இந்திய மக்கள் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கொடுக்கவில்லை. அந்தப் பத்து வருடத்தில் மூன்று முறை, மூன்று வெவ்வேறு பிரதமர்களிடம், மூன்று வெவ்வேறு தருணங்களில், ஆதரவுக்கு விலையாகக் கேட்கப்பட்டது ஏறக்குறைய ஒரே பொருள்தான். ஒருவர் கொடுத்தார். இரண்டு பேர் மறுத்தார்கள். மூன்று அரசுகளும் கவிழ்ந்தன. டெல்லிக் கூட்டணிப் பேச்சுகளைப் பற்றிப் பேசும்போது தமிழ்நாட்டில் இதை யாரும் சேர்த்துவைத்துப் பார்ப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

முதலாவது 1991. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1989 தேர்தலில் காங்கிரசுக்கு 197, ஜனதா தளத்துக்கு 143, பா.ஜ.க.வுக்கு 85. தனிப்பெரும் கட்சி என்ற முறையில் குடியரசுத் தலைவர் ஆர்.வெங்கட்ராமன் ராஜீவ் காந்தியை முதலில் அழைத்தார். அவர் வேண்டாம் என்றார். எங்கள் தஞ்சை மாவட்டத்து ராஜாமடத்துக்காரர் வெங்கட்ராமன். யாரை அழைப்பது என்பதில் அவர் வைத்துக்கொண்ட அந்த முறைதான் பின்னால் 1996-லும் பின்பற்றப்பட்டது. அரசியல் சட்டத்தில் இதற்கு வழிகாட்டி கிடையாது. பிரதமரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார், அமைச்சரவை மக்களவைக்குப் பொறுப்பாக இருக்கும், அவ்வளவுதான் 75-வது பிரிவு. நடுவில் உள்ள அந்த இரண்டு வாரம் முழுக்க மரபும் மனிதர்களும்தான்.

டிசம்பர் 1-ம் தேதி நாடாளுமன்ற மைய மண்டபத்தில் ஜனதா தளத்து எம்.பி.க்கள் கூடினார்கள். வி.பி.சிங் எழுந்து தேவிலாலின் பெயரை முன்மொழிந்தார். தேவிலால் எழுந்து, எனக்கு வேண்டாம், வி.பி.சிங்கே இருக்கட்டும் என்றார். எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்தது. சந்திரசேகருக்கு மட்டும் சொல்லவில்லை. அவர் கோபத்தோடு வெளியேறினார். பதினோரு மாதம் கழித்து அதே சந்திரசேகர், கட்சியை உடைத்துக்கொண்டு வெளியே வந்து, காங்கிரஸ் வெளியிலிருந்து தந்த ஆதரவில் பிரதமர் ஆனார். துணைப் பிரதமர் யார் தெரியுமா? அதே தேவிலால். அமைச்சரவை அமைகிற முதல் நாளில் ஒருவரை ஏமாற்றி ஒரு காரியம் முடித்தால், அது எங்கேயும் போய்விடுவதில்லை.

சந்திரசேகரிடம் அறுபதுக்குச் சற்று மேலான எம்.பி.க்கள்தான் இருந்தார்கள். அவரைத் தாங்கிய காங்கிரஸ் அதைப்போல் மூன்று மடங்கு பெரிய கட்சி. அந்த காங்கிரசுக்குத் தமிழ்நாட்டில் கூட்டாளி அ.தி.மு.க. இரண்டும் கேட்டது தி.மு.க. அரசின் கலைப்பை. 1991 ஜனவரி 30 அன்று அது நடந்தது. மாநிலத்தில் சட்டம் ஒழுங்கு கெட்டுவிட்டது, விடுதலைப் புலிகளின் நடமாட்டத்தைத் தடுக்கவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். குற்றச்சாட்டைச் சாதாரணமானது என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு முந்தைய ஜூனில்தான் சென்னையில் ஈழத் தமிழ் இயக்கத் தலைவர் பத்மநாபாவும் அவரோடு இருந்தவர்களும் புலிகளால் கொல்லப்பட்டிருந்தார்கள். ஆனால் அறிக்கை அனுப்ப வேண்டிய ஆளுநர் பர்னாலா அப்படி ஓர் அறிக்கை தர மறுத்துவிட்டார். மாநில அரசைக் கலைக்க வழி தரும் 356-வது பிரிவில் 'ஆளுநரின் அறிக்கையிலிருந்தோ வேறு வகையிலோ' என்று வருகிறது அல்லவா, அந்த 'வேறு வகையிலோ' என்பதைப் பிடித்துக்கொண்டு கலைத்தார்கள். சட்டமன்றத்தில் பெரும்பான்மையோடு இருந்த அரசு. மக்களவையில் அந்தக் கட்சிக்கு அப்போது ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது. 1989-ல் தமிழ்நாட்டில் ஒரு தொகுதியும் அதற்குக் கிடைக்கவில்லை. டெல்லிப் பேச்சு மேஜையில் நாற்காலியே இல்லாத ஒருவரின் வீட்டை எடுத்து இன்னொருவருக்கு எழுதிக்கொடுத்தது போலத்தான் எனக்குப் படுகிறது.

அப்பா அன்று வங்கியிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் ரேடியோவைப் போட்டது நினைவிருக்கிறது. நான் சின்னப் பெண். "நாம போட்ட ஓட்டும்மா அது" என்று அம்மாவிடம் சொன்னார். அவர் தி.மு.க.வுக்கு ஓட்டுப் போட்டவரே இல்லை என்று அம்மா பின்னால் என்னிடம் சொன்னாள்.

அந்த விலையைக் கொடுத்த சந்திரசேகருக்கு எத்தனை நாள் கிடைத்தது? ஐந்து வாரம். ராஜீவ் வீட்டு வாசலில் ஹரியாணா போலீசார் இரண்டு பேர் வேவு பார்த்தார்கள் என்று காங்கிரஸ் நாடாளுமன்றத்தைப் புறக்கணித்தது. மார்ச் 6 அன்று அவர் பதவி விலகினார்.

இரண்டாவது 1997. அதற்கு முந்தைய வருடத் தேர்தலில் பா.ஜ.க.வுக்கு 161, காங்கிரசுக்கு 140. வாஜ்பாய் மே 16-ல் பதவியேற்றார், ஆதரவு சேரவில்லை, மே 28-ல் அவையில் பேசிவிட்டு ராஜினாமா செய்யப் போய்விட்டார். அதற்குள் மற்ற பதின்மூன்று கட்சிகள் சேர்ந்து ஐக்கிய முன்னணி. யார் பிரதமர் என்பதில்தான் திண்டாட்டம். வி.பி.சிங் முடியவே முடியாது என்றார். ஜோதி பாசுவைக் கேட்டார்கள். அவருடைய கட்சியின் மத்தியக் குழு கூடாது என்றது. அதை வரலாற்றுப் பிழை என்று பின்னால் அவரே சொன்னார். கடைசியில் 46 எம்.பி.க்கள் வைத்திருந்த ஜனதா தளத்தின் தேவ கவுடா. காங்கிரஸ் மறுபடியும் வெளியிலிருந்து ஆதரவு. தமிழ்நாட்டில் அந்த முறை 39-ம் தி.மு.க. அணிக்குத்தான்: மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸ் (த.மா.கா.) 20, தி.மு.க. 17, இந்தியக் கம்யூனிஸ்ட் 2. ப.சிதம்பரம் நிதி, முரசொலி மாறன் தொழில். முதல் முறையாக ஒரு கம்யூனிஸ்ட், இந்திரஜித் குப்தா, நாட்டின் உள்துறை அமைச்சர்.

1997 மார்ச் 30-ல் காங்கிரஸ் தலைவர் சீதாராம் கேசரி திடீரென்று ஆதரவை வாபஸ் வாங்கினார். கொள்கை முரண்பாடு என்று எதையும் யாரும் சுட்டிக்காட்ட முடியவில்லை. கவுடா போக, அடுத்தது யார் என்ற பேச்சில் மூப்பனார் பெயர் வந்தது. எங்கள் பக்கத்தில் அந்தச் சில நாட்கள் எப்படி இருந்தன என்று சொன்னால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. கபிஸ்தலம் எங்களுக்குப் பக்கம்தானே. பஸ்ஸில், கோயிலில், ரேஷன் கடை வரிசையில் எல்லாம் அதே பேச்சு. 'நம்ம அய்யா' பிரதமர் ஆகப்போகிறார். அப்பா காலண்டர் தாளில் கணக்குப் போட்டு, "எண்ணிக்கையால வர்ற பதவி இல்ல இது, யாரும் எதிர்க்காதவங்களுக்குக் கிடைக்கிற பதவி" என்றார். குஜ்ரால் பிரதமர் ஆனார். தொங்கு நாடாளுமன்றத்தில் மேலே வருகிறவர் பெரும்பாலும் எல்லாருக்கும் பிடித்தவராக இருப்பதில்லை. யாருக்கும் பயம் தராதவராக இருப்பார். மூப்பனாருக்குப் பின்னால் 20 எம்.பி.க்கள் இருந்தார்கள், டெல்லியில் பல வருடப் பழக்கம் இருந்தது. அந்தப் பலமே அவருக்கு எதிராகப் போயிற்றோ என்று அப்பா அடிக்கடி சொல்வார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அப்புறம் அந்த நவம்பர். ராஜீவ் கொலைச் சதியை விசாரித்த ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கை வெளியானது. தி.மு.க. அமைச்சர்களை நீக்கு, இல்லையென்றால் ஆதரவு இல்லை என்றது காங்கிரஸ். ஐக்கிய முன்னணி அந்தக் கட்சியை விட்டுக்கொடுக்கவில்லை. ஓர் இடைக்கால அறிக்கையை வைத்துக் கூட்டாளியை வெளியேற்ற முடியாது என்று நின்றார்கள். நவம்பர் 28-ல் காங்கிரஸ் வாபஸ் வாங்க, குஜ்ரால் ராஜினாமா செய்தார். அந்தப் பதின்மூன்று கட்சிகளுக்குள் ஆயிரம் சண்டை. ஆனாலும் தேர்தல் தலைமேல் வந்து நிற்கிற நேரத்தில் அவர்கள் சேர்ந்து நின்ற அந்தப் பத்து நாளை நான் மரியாதையோடுதான் நினைக்கிறேன்.

மூன்றாவது, நான் ஆரம்பித்த இடம். 1998-ல் பா.ஜ.க.வுக்கு 182. தமிழ்நாட்டில் அ.தி.மு.க.வுக்கு 18, அணிக்கு மொத்தம் 30. கே.ஆர்.நாராயணன் முன்னவர்கள் போலத் தனிப்பெரும் கட்சியை உடனே அழைக்கவில்லை. ஆதரிக்கிற கட்சிகளின் கடிதங்கள் வரட்டும் என்றார். அதிலிருந்துதான் 'ஆதரவுக் கடிதம்' என்ற சொல் வீட்டுக்கு வீடு தெரிந்தது. சென்னையிலிருந்து வர வேண்டிய கடிதம் வரவில்லை. ஒவ்வொரு நாளும் செய்தியில் அதுதான். தாமதமாக வந்தது. மார்ச் 19-ல் பதவியேற்பு, 28-ல் 274-க்கு 261 என்று நம்பிக்கை வாக்கு. தெலுங்கு தேசத்துக்குச் சபாநாயகர் பதவி. இது அலங்காரப் பதவி என்று நினைப்பவர்கள், கட்சித் தாவல் வழக்குகளில் யார் உறுப்பினர், யார் இல்லை என்று முடிவு செய்வது அந்த நாற்காலிதான் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு கட்சி உடையும் காலத்தில் பத்து இலாகாவுக்குச் சமம் அது.

பதின்மூன்று மாதமும் டெல்லியிலிருந்து ஜஸ்வந்த் சிங் போன்றவர்கள் போயஸ் தோட்டத்துக்கு வந்து போய்க்கொண்டே இருந்தார்கள். கோரிக்கைகள் பல. கடைசி மாதங்களில் கடற்படைத் தளபதி விஷ்ணு பகவத் நீக்கமும், பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டசின் பதவியும் சேர்ந்துகொண்டன. முதலிலிருந்து கடைசி வரை மாறாமல் இருந்தது தமிழ்நாட்டு அரசின் கலைப்பு. வாஜ்பாய் அதைச் செய்யவில்லை.

அவர் நல்லவர் என்பதால் மட்டும்தான் அதைச் செய்யாமல் விட்டார் என்று சொல்ல மாட்டேன். அதற்குள் சட்டம் மாறியிருந்தது. 1994 மார்ச் 11-ல் கர்நாடக முன்னாள் முதல்வர் எஸ்.ஆர்.பொம்மையின் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள்: ஓர் அரசுக்குப் பெரும்பான்மை உண்டா என்பதைச் சட்டமன்றத்தில்தான் பார்க்க வேண்டும், ஆளுநர் மாளிகையில் அல்ல; கலைப்பை நீதிமன்றம் ஆராயலாம், தவறென்றால் திரும்ப உயிர் கொடுக்கலாம். இன்னொன்று மாநிலங்களவை. 1999 பிப்ரவரியில் பீகாரில் ராப்ரி தேவி அரசைக் கலைத்துப் பார்த்தார்கள். மாநிலங்களவையில் அதை நிறைவேற்ற ஆளில்லாமல் மார்ச்சில் அவர்களே திரும்பப் பெற்றார்கள். ஆக, கேட்ட பொருள் கடையிலேயே இல்லை. இருந்தும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மார்ச் 29-ல் டெல்லி அசோகா ஓட்டலில் சுப்பிரமணியன் சுவாமி கொடுத்த தேநீர் விருந்தில் சோனியாவும் ஜெயலலிதாவும் சந்தித்தார்கள். மூன்று வாரத்துக்குள் அரசு இல்லை. அந்த வாக்கெடுப்பில் தி.மு.க. வாஜ்பாய்க்கு ஆதரவாக வாக்களித்தது.

இங்கே என் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். தேர்தலுக்குப் பின் கட்சிகள் உட்கார்ந்து பேரம் பேசுவதை அசிங்கம் என்று நினைப்பவள் இல்லை நான். மக்கள் யாருக்கும் பெரும்பான்மை கொடுக்கவில்லை என்றால், பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்றுதானே அர்த்தம்? எனக்கு இந்த இலாகா வேண்டும், என் மாநிலத்துக்கு இவ்வளவு நிதி வேண்டும் என்று கேட்பது நேர்மையான பேச்சு. 2004-ல் கப்பல் துறைக்காக தி.மு.க. முறைத்துக்கொண்டு நின்றதை அன்று எல்லாரும் கேலி செய்தார்கள். பேசி முடித்ததைக் கொடு என்று கேட்டதில் எனக்கு எந்தத் தவறும் தெரியவில்லை. நான் பொறுக்க முடியாமல் நினைப்பது ஒன்றைத்தான். தன்னிடம் இல்லாத, வேறு மக்கள் தங்கள் ஓட்டால் செய்த ஒன்றை விலையாகக் கேட்பது. அதைக் கேட்கிறவர் ஒருபோதும் எழுத்தில் கேட்பதில்லை. ஆதரவுக் கடிதத்தில் 'நிபந்தனையற்ற ஆதரவு' என்றுதான் இருக்கும்.

அதை எளிதாக்குவது 'வெளியிலிருந்து ஆதரவு' என்ற ஏற்பாடு. 1979-ல் சரண் சிங்குக்கு இந்திரா காந்தி கொடுத்தது அதுதான். நாடாளுமன்றத்தை ஒரு நாள்கூடச் சந்திக்காமல் அவர் ராஜினாமா செய்தார். (அந்த அமைச்சரவையில்தான் அ.தி.மு.க.வின் சத்தியவாணி முத்துவும் பாலா பழனூரும் மத்திய அமைச்சர்கள் ஆனார்கள். முதன்முதலாக ஒரு திராவிடக் கட்சி மத்திய அரசில் உட்கார்ந்த நேரம் அப்படிப்பட்ட நேரம்.) வி.பி.சிங்குக்கு பா.ஜ.க., சந்திரசேகருக்கும் கவுடாவுக்கும் குஜ்ராலுக்கும் காங்கிரஸ். உள்ளே வந்து அமைச்சராக உட்கார்ந்தால், அரசு எடுக்கிற முடிவுக்கு நீயும் பதில் சொல்ல வேண்டும். வெளியே நின்றால் விலைவாசிக்கு நீ பொறுப்பில்லை, கயிறு மட்டும் உன் கையில்.

இதற்கு எதிராக ஓர் உதாரணம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 2004-ல் இடதுசாரிகளும் மன்மோகன் சிங் அரசை வெளியிலிருந்துதான் ஆதரித்தார்கள். நான்கு வருடம் தாக்குப்பிடித்தது. குறைந்தபட்சப் பொதுச் செயல்திட்டம் அச்சில் இருந்தது, ஒருங்கிணைப்புக் குழு கூடியது, அணுசக்தி ஒப்பந்தத்தை எதிர்ப்போம் என்று ஊரறியச் சொன்னார்கள், 2008 ஜூலையில் அதற்காகவே விலகினார்கள். எதற்காகப் பிரிந்தார்கள் என்று கும்பகோணத்தில் இருக்கிற கேஷியருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அதன் பின்விளைவாக ஜூலை 22-ல் நடந்த வாக்கெடுப்பில், எங்களுக்கு லஞ்சமாகத் தந்தது என்று சொல்லி பா.ஜ.க. எம்.பி.க்கள் அவைக்குள்ளேயே நோட்டுக் கட்டுகளை எடுத்துக் காட்டினார்கள். 275-க்கு 256 என்று அரசு பிழைத்தது. அப்பா அன்று டிவியை அணைத்துவிட்டார். ஆயுள் முழுக்க நோட்டு எண்ணியவருக்கு அந்த இடத்தில் அந்தக் கட்டுகளைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

பணம் புதிது இல்லை. 1993 ஜூலையில் நரசிம்ம ராவ் அரசு நம்பிக்கையில்லாத் தீர்மானத்திலிருந்து 251-க்கு 265 என்று தப்பியது. ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா எம்.பி.க்கள் அதற்காகப் பணம் வாங்கினார்கள் என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. பணம் வாங்கிக்கொண்டு வாக்களித்த உறுப்பினருக்கு அரசியல் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று 1998-ல் தீர்ப்பு வந்தது. அதை ஏழு நீதிபதிகள் தள்ளுபடி செய்ய 2024 மார்ச் ஆயிற்று. இருபத்தாறு வருடம்.

1999-ல் என்னை இன்னும் உறுத்துவது வாக்கெடுப்புக்குப் பின்னால் நடந்தது. ஏப்ரல் 21-ல் சோனியா காந்தி குடியரசுத் தலைவரைப் பார்த்துவிட்டு வெளியே வந்து 272 பேர் ஆதரவு இருக்கிறது என்றார். அப்பா அன்றும் தாளை எடுத்தார். "எங்கேர்ந்து 272?" என்று கட்சி கட்சியாக எழுதினார். சமாஜ்வாதி கட்சியின் முலாயம் சிங் யாதவ் காங்கிரஸ் தலைமையை ஏற்க மாட்டேன் என்றார். அதோடு கூட்டல் நின்றுவிட்டது. ஏப்ரல் 26-ல் மக்களவை கலைந்தது. ஓர் அரசு வேண்டாம் என்று 270 பேர் ஒன்றாகப் பொத்தானை அழுத்தினார்கள். யார் வேண்டும் என்று அவர்களால் ஒன்பது நாளில் சொல்ல முடியவில்லை. ஜெர்மனியில் இப்படிச் செய்ய முடியாது. ஒரு சான்சலரை இறக்க வேண்டுமானால் அடுத்தவரை அதே வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்க வேண்டும்; 1982-ல் ஹெல்முட் ஷ்மித் போய் ஹெல்முட் கோல் வந்தது அப்படித்தான். இங்கேயும் அது வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏனென்றால் அந்த மே மாதம் கார்கிலில் சண்டை ஆரம்பித்தபோது நாட்டில் இருந்தது அவையின் நம்பிக்கையை இழந்த காபந்து அரசு. கேள்வி கேட்க மக்களவையே இல்லை. ஜூலை வரை நடந்த ஒரு போரை நாடு அந்த நிலையில் நடத்தியது.

அந்த வருடம் அக்டோபரில் வாஜ்பாய் திரும்ப வந்தார், இந்த முறை தி.மு.க.வோடு. பா.ஜ.க.வுக்கு அதே 182. ஆனால் பெரும்பாலான கூட்டாளிகள் அமைச்சரவைக்குள் இருந்தார்கள். ஏறக்குறைய முழுக் காலமும் ஓடியது.

2024 ஜூன் 4. அப்பாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. நான் எண்களைச் சொல்லச் சொல்ல, பெரிய பெரிய எழுத்தாக எழுதினார். பா.ஜ.க. 240. பத்து வருடம் கழித்து மறுபடி தனிப் பெரும்பான்மை இல்லை. தெலுங்கு தேசம் 16, ஐக்கிய ஜனதா தளம் 12, மற்ற கூட்டாளிகளையும் சேர்த்து மொத்தம் 293. மறுநாளே கூட்டணித் தலைவர்கள் கூடி மோடியைத் தலைவராகத் தேர்ந்தெடுத்துத் தீர்மானம் போட்டார்கள். ஜூன் 9-ல் பதவியேற்பு. சபாநாயகர் பதவி பா.ஜ.க.விடமே இருந்தது. பொதுச் செயல்திட்டம் என்று ஒன்று வெளியாகவில்லை. ஜூலை 23 பட்ஜெட்டில் அமராவதிக்கு 15,000 கோடி, பீகார் சாலைகளுக்கு 26,000 கோடி என்று படித்தேன். தங்கள் மாநிலத்துக்குக் கேட்டு வாங்கினார்கள், வாங்கட்டும். என்ன பேசினார்கள், இன்னும் என்ன பாக்கி என்பது நமக்குத் தெரியாது.

பதவியேற்பு நடந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானும் அவரும் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். அமைச்சர்கள் ஒவ்வொருவராக வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அப்பா அந்தத் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 16-ஐயும் 12-ஐயும் சுற்றி வட்டம் போட்டார்.

"ஏம்மா, இவங்க ரெண்டு பேரும் எழுதிக் கொடுத்ததுல என்ன இருக்குன்னு பேப்பர்ல போட்டானா?"

"இல்லப்பா."

அவர் பென்சிலைத் தாளுக்குள் வைத்து மடித்து, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.